பந்தை எதிரியிடம் கொடுத்த கோஷ்டி

தரையிலிருந்து பத்தடி உயரத்தில் ஓர் இரும்பு வளையம். அதைத் தாங்கும் பலகையிலிருந்து பதினைந்தடி தள்ளித் தரையில் ஒரு கோடு. அந்தக் கோட்டின் பின்னால் பந்தும் கையுமாக நிற்கிற வாலிபனை யாரும் தொடக்கூடாது, மறிக்கக்கூடாது, அவன் பத்து விநாடிக்குள் தன் இஷ்டம் போல் குறிபார்த்து எறியலாம் என்பது கூடைப்பந்து ஆட்டத்தின் விதி. ‘ஃப்ரீ த்ரோ’ என்று வழங்கும் இந்த எறிதலைப் போல அந்த ஆட்டத்தில் சுலபமான காரியம் வேறொன்று இல்லையென்று பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நினைப்பார்கள். எறிகிறவனும், ஆட்டத்தின் முதல் அரைமணியில், அப்படியே நினைப்பான். இந்தச் சுலபமான காரியத்தை எதிரிக்கு வலியப் போய்க் கொடுத்து, அதிலேயே அவனை இடறி விழச் செய்து, யாருமே கணக்கில் சேர்த்திராத ஒரு கலாசாலைக் கோஷ்டி 1983ஆம் ஆண்டில் அமெரிக்கா முழுவதற்குமான பட்டத்தைக் கைப்பற்றியது. அதை அதிசயம் என்றும் அதிர்ஷ்டம் என்றும் நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தது வாஸ்தவம். ஆனால் அந்த அதிர்ஷ்டம் வந்து உட்காருவதற்குத் தோதாக ஆசனம் போட்டு வைத்திருந்த சாமர்த்தியத்தைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆச்சரியம்.

அமெரிக்காவில் சம்பளம் வாங்கி ஆடும் கோஷ்டிகளின் கூடைப்பந்து ஒரு புறம் இருக்க, சர்வகலாசாலை மாணவர்கள் ஆடும் கூடைப்பந்துக்கு அதற்குச் சற்றும் குறையாத மோகம் உண்டு. ஒவ்வொரு மார்ச்சு மாதத்திலும் தேசத்தின் நாலாபக்கங்களிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட கோஷ்டிகள் ஒரு பெரும் போட்டியில் இறங்குகின்றன. 1983இல் அப்படி இறங்கியவை 52. அதில் ஒரே ஒரு நிர்த்தாட்சண்யமான ஏற்பாடு: ஒரு தரம் தோற்றவன் அன்றே மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். ஏழு நாள் ஆடி ஏழு நாளின் கூட்டுப்பலனைப் பார்த்தால் பலசாலியே ஜயிப்பான் என்பதில் சந்தேகமில்லை. ஒரே ஓர் இரவு, நாற்பதே நிமிஷம் என்று வரும்போது, பலவீனனுக்கும் ஒரு கதவு அரையாகத் திறந்திருக்கிறது. அந்தக் கதவின் வழியாக நுழைந்தவர்கள் பலர் உண்டு. கடைசி அறை வரையில் போனவர்கள் மிகச் சிலர்.

வட கரோலினா ராஜ்யத்தில் ராலி நகரத்தில் இருக்கிறது வட கரோலினா ஸ்டேட் சர்வகலாசாலை. பக்கத்து ஊர்களிலேயே டியூக், வட கரோலினா என்ற இரண்டு சர்வகலாசாலைகள் இருக்கின்றன. கூடைப்பந்தில் பெயர் எடுத்த இவ்விரண்டுக்கும் நடுவில் ஸ்டேட் சர்வகலாசாலைக்காரர்கள் மூத்தார் வீட்டில் வாழ்க்கைப்பட்ட இளைய மருமகளைப் போலக் காலம் தள்ளி வந்தார்கள். முந்திய ஆண்டான 1982இல் தேசப் பட்டத்தை வென்றது, பின்னாளில் உலகப் பிரசித்தி பெற்ற மைக்கேல் ஜார்டன் முதலாண்டு மாணவராக ஆடிய வட கரோலினாவே. ஸ்டேட்டுக்கும் பூர்விகப் பெருமை இல்லாமலில்லை. 1974இல் டேவிட் தாம்ப்சன் என்ற அபாரமான ஆட்டக்காரரைக் கொண்டு அவர்களும் ஒரு முறை பட்டம் வென்றிருந்தார்கள். ஜயித்த கோஷ்டி ஏணி வைத்து ஏறி வளையத்திலிருந்து வலையைக் கத்திரித்து எடுத்துக்கொள்ளும் சம்பிரதாயம், இன்று அமெரிக்கக் கலாசாலைகள் அனைத்திலும் வழக்கமாகிவிட்ட சம்பிரதாயம், எவரெட் கேஸ் என்ற பயிற்சியாளரால் 1947இல் பரவத் தொடங்கியது. அவர் பயிற்சி அளித்ததும் இதே சர்வகலாசாலையில்தான்.

1980இல் அங்கே பயிற்சியாளராக வந்து சேர்ந்த ஜிம் வல்வானோவுக்கு இந்த வலை விவகாரம் மிகவும் பிடித்துப்போயிற்று. நியூயார்க்கில் குவீன்ஸ் பகுதியில் இத்தாலிய வம்சக் குடும்பத்தில் பிறந்தவர், வாய் ஓயாதவர், ஹாஸ்யப் பிரசங்கியாகப் போயிருந்தாலும் நன்றாகச் சம்பாதித்திருப்பார். ஒவ்வோர் ஆண்டும் பயிற்சிக் காலத்தில் ஒரு நாளைப் பந்தே இல்லாமல் ஒதுக்கி வைத்து, ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி, கையில் கத்திரிக்கோலைக் கொடுத்து, வளையத்திலிருந்து வலையை அறுக்கச் சொல்லி, எல்லோரும் ஒருவரையொருவர் தோளில் தூக்கிக் கொண்டாடும்படி செய்வார். இன்னும் எதையும் ஜயிக்காத பிள்ளைகள் ஜயித்ததற்கான கொண்டாட்டத்தை ஒத்திகை பார்த்தார்கள். இதைக் கேட்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பிள்ளைகளும் முதலில் சிரித்திருப்பார்கள்.

1982ஆம் ஆண்டு கடைசியில் தொடங்கிய பருவத்தில் அவரிடம் இருந்த கோஷ்டி சாமானியமானது என்று சொல்வதற்கில்லை. நான்காம் ஆண்டு மாணவர்கள் மூவர் அதன் தூண்கள். பந்தைத் தட்டிக்கொண்டு போய்ப் பங்கிட்டுக் கொடுக்கும் சிட்னி லோ, தொலைவிலிருந்து எறிவதில் வல்லவரான டெரெக் விட்டன்பர்க், நெட்டையான தர்ல் பெய்லி. லோவும் விட்டன்பர்க்கும் ஒரே உயர்நிலைப் பள்ளியில் ஒன்றாக ஆடியவர்கள். ஒருவர் எங்கே திரும்புவார் என்பது மற்றவருக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். ஆனால் ஜனவரி மாதத்தில் விர்ஜினியாவுக்கு எதிரான ஆட்டத்தில் விட்டன்பர்க்கின் பாதத்தில் ஓர் எலும்பு முறிந்தது. அதோடு அவருடைய கலாசாலை ஆட்டமே முடிந்துவிட்டதென்று பலரும் நினைத்தார்கள். அவர் இல்லாத வாரங்களில் கோஷ்டி தடுமாறியது. ஆனால் அதுவரை நிழலில் நின்றவர்கள் வேறு வழியின்றி முன்னால் வந்து பழகிக்கொண்டார்கள். பருவம் முடிவதற்குள் எலும்பு கூடி அவர் திரும்பி வந்தபோது, இழந்ததற்கும் அதிகமாக ஒன்று கோஷ்டிக்குச் சேர்ந்திருந்தது. இருந்தாலும் கணக்கு கணக்குத்தானே: 17 வெற்றி, 10 தோல்வி. தேசப் போட்டிக்குக் கூப்பிடுவார்கள் என்று நம்புவதற்கு இது போதாது.

அழைப்புக்குக் காத்திராமல் நுழைய ஒரே வழி, தங்கள் பிராந்தியத்தின் எட்டு சர்வகலாசாலைகளும் அட்லாண்டா நகரில் ஆடும் போட்டியில் முதல் ஸ்தானம் பெறுவது. மூன்று நாளில் மூன்று ஆட்டம். வேக் ஃபாரெஸ்டை 71–70 என்று ஒரே புள்ளியில் தாண்டினார்கள். கடைசி விநாடிகளில் லொரென்சோ சார்ல்ஸ் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர் போட்ட ஒரு ஃப்ரீ த்ரோ அந்தப் புள்ளி. அடுத்த நாள் ஜார்டனும் சாம் பெர்க்கின்ஸும் இருந்த வட கரோலினாவை, ஆட்ட நேரம் முடிந்தும் சமமாக நின்றதால் கூடுதல் நேரம் ஆடி, 91–84 என்று வென்றார்கள். மூன்றாம் நாள் விர்ஜினியா. அதில் ரால்ஃப் சாம்ப்சன் இருந்தார். ஏழடி நாலங்குல உயரம். தேசத்தின் சிறந்த கலாசாலை ஆட்டக்காரர் என்ற பட்டத்தை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பெற்றவர். அவர்களையும் 81–78 என்று வென்று ஸ்டேட் கோஷ்டி தேசப் போட்டிக்குள் காலெடுத்து வைத்தது.

இனி ஆட்டத்தின் விதிகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கலாசாலைக் கூடைப்பந்தில் எறிவதற்கென்று காலக்கெடு கிடையாது. பந்து ஒரு கோஷ்டியின் கையில் இருந்தால், அது வளையத்தை நோக்கி எறியாமல் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டே எத்தனை நிமிஷம் வேண்டுமானாலும் ஓட்டலாம். சில பிராந்தியங்கள் பரீட்சார்த்தமாகத் தங்கள் ஆட்டங்களில் கெடு வைத்துப் பார்த்தன. ஸ்டேட் இருந்த பிராந்தியத்தில் அந்த ஆண்டு 30 விநாடிக் கெடுவும், தொலைவிலிருந்து எறிந்தால் இரண்டுக்குப் பதில் மூன்று புள்ளி தரும் கோடும் இருந்தன. வல்வானோவின் பிள்ளைகள் அந்த மூன்று புள்ளிக் கோட்டை நன்றாக உபயோகித்தவர்கள்; டெர்ரி கானன் என்ற மெலிந்த வாலிபர் பருவம் முழுவதும் அங்கிருந்து எறிந்ததில் பாதிக்கு மேல் உள்ளே போட்டவர். ஆனால் தேசப் போட்டியில் இவ்விரண்டும் கிடையாது. ஆகவே பழகிய ஆயுதம் ஒன்று பறிபோயிற்று. அதற்கு ஈடாக, கெடு இல்லாமையால் எதிரி பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திவிடும் அபாயம் புதிதாக வந்தது. கடைசி மூன்று நிமிஷத்தில் நாலு புள்ளி பின்தங்கியிருப்பவன், எதிரி பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால் தோல்வி நிச்சயம். என்ன செய்வது?

வல்வானோ கண்ட வழி, வேண்டுமென்றே ஃபவுல் செய்வது. எதிரியின் கையைத் தட்டியோ உடலை மோதியோ விதியை மீறினால் நடுவர் ஊதுவார், கடிகாரம் நிற்கும். ஒரு பாதியில் ஒரு கோஷ்டி செய்யும் ஃபவுல்கள் ஏழை எட்டிவிட்டால், அதிலிருந்து ஒவ்வொரு சாதாரண ஃபவுலுக்கும் எதிரிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும். இங்கேதான் ஒரு நுட்பம். அந்நாளைய விதிப்படி, முதல் எறி உள்ளே போனால்தான் இரண்டாவது எறி உண்டு; முதலாவது தவறினால் இரண்டாவது இல்லை, பந்து பொதுச்சொத்து, எட்டிப் பிடித்தவன் பாடு. அதாவது, இரண்டு புள்ளியை எதிரிக்குத் தானம் செய்வதுபோலத் தோன்றினாலும், அதே எறியில் அவன் ஒன்றுமே பெறாமல் பந்தையும் பறிகொடுக்க இடம் இருக்கிறது. நின்றுபோன கடிகாரம், கைக்கு வந்த பந்து, இரண்டு லாபம். எதிரி கோஷ்டியில் ஐந்து பேரில் யார் இந்தக் கோட்டில் நின்றால் கை நடுங்குவார் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டு அவரையே தேடிப் போய் ஃபவுல் செய்ய வேண்டும் என்பதுதான் யுக்தியின் சாரம்.

இது நியாயமா என்று கேட்கலாம். விதியை மீறுவதற்கு விதியே ஒரு விலை வைத்திருக்கிறது, அந்த விலையைக் கொடுத்து மீறுகிறேன் என்பது வக்கீல் பேச்சு. ஆனால் விளையாட்டு மைதானத்தில் செல்லுபடியாகிற பேச்சு. அந்த நாளில் பயிற்சியாளர்கள் பெரும்பாலோர் தோற்பது நிச்சயமாகும் வரை இதைச் செய்யமாட்டார்கள். வல்வானோ ஆட்டம் இன்னும் உயிரோடிருக்கும்போதே செய்தார் என்பதே வித்தியாசம். என் அபிப்பிராயத்தில், அந்த ஸ்தானத்தில் நின்று பந்தை எதிரியிடம் கொடுக்க, பந்தைத் தானே வைத்துக்கொள்வதைவிட அதிகத் தைரியம் வேண்டும்.

தேசப் போட்டியின் முதல் ஆட்டம் ஓரிகன் ராஜ்யத்தில் கார்வாலிஸ் என்ற சிற்றூரில். எதிரி கலிபோர்னியாவின் பெப்பர்டைன். நாற்பது நிமிஷத்தில் முடிவு ஏற்படவில்லை. கூடுதல் நேரத்தில் பெப்பர்டைன் முந்திவிட்டது. அது முடியும் தறுவாயில் ஆறு புள்ளி வித்தியாசம். ஸ்டேட் பிள்ளைகள் ஃபவுல் செய்தார்கள். கோட்டில் வந்து நின்றவர் டேன் சட்டில், ஃப்ரீ த்ரோவில் பெயர் எடுத்த எறிகாரர். யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவரைத் தேர்ந்தெடுத்தது புத்தியில்லாத காரியம் என்றே எவரும் சொல்லியிருப்பார்கள். அவர் தவறவிட்டார். மறுபடியும் அவரே வந்து நின்றார், மறுபடியும் தவறவிட்டார். இதற்கிடையில் வித்தியாசம் இரண்டு புள்ளியாகச் சுருங்கிவிட்டது. இப்போது கோட்டில் நின்றது ஸ்டேட் தரப்பின் விட்டன்பர்க். அவரும் தவறவிட்டார்! ஆனால் வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தைக் கோஸெல் மக்வீன் என்ற நெட்டை வாலிபர் எட்டிப் பிடித்து உள்ளே போட, ஆட்டம் சமமாயிற்று. இரண்டாவது கூடுதல் நேரத்தில் ஸ்டேட் 69–67 என்று ஜயித்தது. அந்த ஓர் இரவில் சட்டிலின் ஒரு பந்து உள்ளே விழுந்திருந்தால், இந்தக் கட்டுரை எழுதப்பட்டிராது.

அடுத்த எதிரி, அந்தப் பருவத்தில் மிகச் சிலரிடமே தோற்றிருந்த நெவாடா–லாஸ் வேகாஸ். இரண்டாம் பாதியில் பன்னிரண்டு புள்ளி பின்தங்கிய ஸ்டேட், கடைசி விநாடிகளில் வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பெய்லி திரும்ப உள்ளே போட்டதால் 71–70 என்று பிழைத்தது. பிறகு யூட்டா சர்வகலாசாலையை அவர்கள் ராஜ்யத்திலேயே ஆக்டன் நகரில் 75–56 என்று வென்றார்கள். இந்த ஓட்டத்தில் இதயநோய்க்காரர்கள் பயமில்லாமல் பார்த்திருக்கக் கூடிய ஆட்டம் இது ஒன்றுதான். அடுத்து மறுபடியும் விர்ஜினியா, மறுபடியும் சாம்ப்சன். இம்முறை பரீட்சை தலைகீழாயிற்று. ஸ்டேட் ஒரு புள்ளி பின்தங்கி, 23 விநாடி மிச்சம் இருக்கையில், ஃபவுல் பட்டுக் கோட்டில் போய் நின்றவர் ஸ்டேட் தரப்பின் லொரென்சோ சார்ல்ஸ். எதிரிக்குக் கொடுத்துப் பார்த்த மருந்தைத் தாங்களே குடிக்க வேண்டிய சந்தர்ப்பம். இரண்டையும் உள்ளே போட்டார். 63–62. சாம்ப்சனின் கலாசாலை ஆட்டம் அத்துடன் முடிந்தது. தேசப் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் போனார், பாவம்.

கடைசி நாலு கோஷ்டிகள் நியூ மெக்சிகோ ராஜ்யத்தில் ஆல்புகர்க்கி நகரில் கூடின. அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஐயாயிரம் அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, காற்று லேசு, ஓடினால் மூச்சு வாங்கும். அங்குள்ள விளையாட்டு அரங்கம் மேட்டில் கட்டப்பட்டதல்ல, தரையைத் தோண்டிக் கட்டப்பட்டது; ஆட்டக்காரர்கள் ஒரு நீண்ட சரிவின் வழியாகக் கீழே இறங்கித்தான் களத்துக்கு வர வேண்டும். ‘குழி’ என்றே அதற்குப் பெயர்.

ஸ்டேட் தன் அரையிறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவை 67–60 என்று வென்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே தினத்தில் நடந்த மற்ற அரையிறுதியைப் பற்றியே எங்கும் பேச்சு. ஹூஸ்டன் சர்வகலாசாலை லூயிவில்லை 94–81 என்று தோற்கடித்தது; வெறுமனே தோற்கடிக்கவில்லை, வானத்தில் ஏறி வளையத்துக்கு மேலிருந்து பந்தை உள்ளே அறைந்து அறைந்து தோற்கடித்தது. இந்த அறைதலை ‘டங்க்’ என்பார்கள். ஹூஸ்டன்காரர்கள் அதில் சூரர்கள். மாணவர் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துக்களில் பெயரிடும் அமெரிக்க வழக்கத்தைக் கேலி செய்து, ‘ஃபை ஸ்லாமா ஜாமா’ என்று ஒரு பத்திரிகையாளர் சூட்டிய பெயரைச் சட்டைகளிலே போட்டுக்கொண்டு திரிந்தார்கள். நைஜீரியாவின் லாகோஸ் நகரிலிருந்து வந்த அகீம் ஒலாஜுவான் அந்த ஓர் ஆட்டத்தில் மட்டும் 21 புள்ளி எடுத்து, தவறிய பந்துகளில் 22ஐக் கைப்பற்றி, எதிரிகள் எறிந்தவற்றில் எட்டைத் தட்டி விட்டார். அவருடன் க்ளைட் ட்ரெக்ஸ்லர். தொடர்ந்து 26 ஆட்டம் ஜயித்து வந்த கோஷ்டி. எதிரே நிற்கப்போவதோ பத்துத் தோல்வியைச் சுமந்து வந்த கோஷ்டி. பத்திரிகைகள் என்ன எழுதின என்று சொல்லவும் வேண்டுமா?

1983 ஏப்ரல் 4ஆம் தேதி, திங்கட்கிழமை இரவு. பந்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஆடுவோம், எத்தனை மணியானாலும் சரி என்று முந்திய நாள் வல்வானோ ஊரறியச் சொல்லியிருந்தார். ஹூஸ்டன் அதற்குத் தயாராக வந்தது. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் ஸ்டேட்டின் முதல் புள்ளிகள் எப்படி வந்தன தெரியுமோ? பெய்லி அடித்த டங்க்! டங்க் அடிப்பவர்களையே டங்க் அடித்து வரவேற்றது, எதிரியின் மனசுக்கு அனுப்பிய கடிதம். ட்ரெக்ஸ்லர் முதல் பாதியிலேயே நான்கு ஃபவுல் வாங்கிவிட்டார். ஐந்தானால் வெளியேற வேண்டும் என்பதால் பெரும் பகுதி பெஞ்சில் உட்கார நேர்ந்தது. பாதி ஆட்டத்தில் ஸ்டேட் 33–25 என்று முன்னால் நின்றது.

இரண்டாம் பாதியில் ஹூஸ்டன் விழித்துக்கொண்டது. ஒரே மூச்சில் பதினேழு புள்ளிக்கு இரண்டு என்ற கணக்கில் எடுத்து 42–35 என்று முந்திவிட்டது. அதிசயம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நினைத்த வேளை. அப்போது ஹூஸ்டன் பயிற்சியாளர் கய் லூயிஸ் எடுத்த ஒரு தீர்மானத்தைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். உயரமான அந்த ஊரின் லேசான காற்றில் ஒலாஜுவான் களைத்துப்போய் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். முன்னணி கையில் இருக்கிறது, கெடுவும் கிடையாது, ஆகவே வேகத்தைக் குறைத்துப் பந்தை வெளியே கைமாற்றிக்கொண்டு நேரத்தைக் கடத்துவோம் என்று லூயிஸ் நிச்சயித்தார். காகிதத்தில் பார்த்தால் பிழையில்லாத கணக்கு. ஆனால் ஓட்டத்திலே உயிர்வாழ்கிற கோஷ்டியை நிற்கச் சொன்னது தவறு என்றே எனக்கும் தோன்றுகிறது. ஏனென்றால், நின்றுகொண்டிருக்கிற எதிரியைத்தான் வல்வானோ தேடிக்கொண்டிருந்தார். ஓடுகிறவனைப் பிடித்து ஃபவுல் செய்வது கஷ்டம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனை ஃபவுல் செய்வது எத்தனை சுலபம்!

ஹூஸ்டனுக்கு உயரம் இருந்தது, வேகம் இருந்தது, வலிமை இருந்தது. ஃப்ரீ த்ரோ மட்டும் வரவில்லை. பருவம் முழுவதும் அவர்களுடைய குறை அது ஒன்றே. ஜயித்துக்கொண்டே இருந்ததால் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த இரவில் அவர்கள் கோட்டிலிருந்து எறிந்ததில் கிட்டத்தட்டப் பாதி வீணாயிற்று. மூன்று நிமிஷத்துக்குச் சற்று மேலே மிச்சமிருக்கையில் ஹூஸ்டன் 52–46. ஸ்டேட் ஃபவுல் செய்தது, ஹூஸ்டன் தவறவிட்டது, லோவும் விட்டன்பர்க்கும் தொலைவிலிருந்து எறிந்து உள்ளே போட்டார்கள். 52–52. ஒரு நிமிஷமும் சில விநாடிகளும் பாக்கி. ஹூஸ்டனின் பந்து. ஸ்டேட் பிள்ளைகள் தேடிப் பிடித்தது ஆல்வின் ஃப்ராங்க்லின் என்ற முதலாண்டு மாணவரை. தேசத்தில் எத்தனையோ பேர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, பதினேழாயிரம் பேர் அந்தக் குழியில் கூச்சலிட, அவர் கோட்டில் போய் நின்று எறிந்தார். வளையத்தில் பட்டுத் தெறித்தது. மக்வீன் கையில் பந்து.

இனி நேரம் ஸ்டேட்டுக்குச் சொந்தம். எதிரி எந்தக் கெடுவின்மையை நம்பி நிதானித்தானோ, அதே கெடுவின்மையை இப்போது இவர்கள் அநுபவித்தார்கள். 44 விநாடி இருக்கையில் ஆட்டத்தை நிறுத்தி யோசனை செய்து, ஒரே எறி, அதுவும் கடைசி எறி என்று தீர்மானித்துக்கொண்டு களத்துக்குத் திரும்பினார்கள். ஹூஸ்டன் காவலை மாற்றி அவர்களைத் திகைக்க வைத்தது; பந்து ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டே இருந்ததே தவிர வளையத்தை நெருங்க வழி ஏற்படவில்லை. விட்டன்பர்க்குக்கு வந்த பந்தை ஹூஸ்டனின் பென்னி ஆண்டர்ஸ் பாய்ந்து தட்டினார். விரல் நுனியில் பட்டது. முழுவதும் கைக்கு வந்திருந்தால் எதிர்த்திசையில் அவரைத் தடுக்க ஆளே இல்லை. தடுமாறிய பந்தை விட்டன்பர்க் எட்டிப் பிடித்துத் திரும்பியபோது வளையம் முப்பதடி தூரத்தில் இருந்தது. எறிந்தார். எறி என்று அதைச் சொல்வது மரியாதைக்காக. பந்து வளையம் வரையில்கூடப் போகவில்லை.

வளையத்தின் அடியில் ஒலாஜுவான் நின்றார். பந்தை நோக்கி உடனே எழும்பாமல் ஒரு கணம் தயங்கினார். அருகில் நின்ற லொரென்சோ சார்ல்ஸ், பந்து குறைவாக வருகிறது என்பதைக் கண்டுகொண்டார். அன்று முழுவதும் அதுவரை இரண்டே புள்ளி எடுத்திருந்தவர் அவர். துள்ளினார், இரண்டு கைகளாலும் அந்தரத்தில் பந்தை வாங்கினார், அப்படியே உள்ளே அறைந்தார். ஹூஸ்டன்காரர்களுடைய சொந்த வித்தையாலேயே அவர்களுக்கு முடிவு வந்தது. 54–52. ஹூஸ்டன் பந்தை எடுத்து மறுபடி ஆடத் தொடங்குமுன் நேரமும் முடிந்துவிட்டது. வல்வானோ களத்துக்குள் ஓடி, கட்டிக்கொள்ள ஆள் தேடி, இடமும் வலமுமாக அலைந்த காட்சியை அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இன்றைக்கும் மார்ச்சு மாதந்தோறும் காட்டுகின்றன. வழக்கமாக விட்டன்பர்க்கைத்தான் கட்டிக்கொள்வாராம், அன்று விட்டன்பர்க்கை வேறு யாரோ கட்டிக்கொண்டிருந்தார்கள். போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது தோற்ற கோஷ்டியின் ஒலாஜுவானுக்குக் கிடைத்தது. இறுதி ஆட்டத்தில் 20 புள்ளியும் 18 பந்துகளும் எடுத்தவருக்கு அதை மறுப்பதற்கில்லை.

அந்த முப்பதடி எறி அதிர்ஷ்டம்தான். ஆனால் ஏப்ரல் 4ஆம் தேதிக்கு முன்னால், அட்லாண்டாவிலிருந்து கணக்கிட்டால், தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் ஜயித்தார்கள். அவற்றில் பாதி ஒரு புள்ளி, இரண்டு புள்ளிகளில் முடிந்தவை. ஒரு முறை நேர்ந்தால் அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். திரும்பத் திரும்பக் கடைசி நிமிஷத்தில் எதிரியின் கை நடுங்குவதும் இவர்கள் பிழைத்துக்கொள்வதும் எப்படி? ஆட்டம் எந்த இடத்தில் தீர்மானமாக வேண்டும் என்பதை வல்வானோ முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டார்: எதிரியின் வேகமும் உயரமும் உதவாத, தனியொருவனாக நிற்க வேண்டிய அந்தப் பதினைந்தடிக் கோட்டில்.

வல்வானோவின் பிற்கால வாழ்க்கை இதே உயரத்தில் போகவில்லை. அவருடைய ஆட்டக்காரர்கள் இனாமாகக் கிடைத்த காலணிகளையும் நுழைவுச் சீட்டுகளையும் விற்றார்கள் என்று விசாரணை வந்து, சர்வகலாசாலைக்குத் தண்டனை விதிக்கப்பட்டு, 1990இல் அவர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. மாணவர்களின் படிப்பைக் கவனிக்கவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. அது லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. 1992இல் அவருக்குப் புற்றுநோய் கண்டது. 1993 மார்ச்சில், மேடையேறவே பிறர் கைத்தாங்கல் வேண்டியிருந்த நிலையில், ஒரு விருது விழாவில் அவர் பேசிய பேச்சைக் கூடைப்பந்தே பார்த்திராதவர்களும் கேட்டிருக்கிறார்கள். அன்று அவர் அறிவித்த நிதி, புற்றுநோய் ஆராய்ச்சிக்காக இன்றும் பணம் திரட்டி வருகிறது. அடுத்த மாதம் 28ஆம் தேதி காலமானார், வயது 47. ஒலாஜுவானும் ட்ரெக்ஸ்லரும் பிற்காலத்தில் ஹூஸ்டன் நகரின் தொழில்முறைக் கோஷ்டியில் ஒன்றாக ஆடி 1995இல் பட்டம் வென்று, கலாசாலையில் பட்டம் கிட்டாத குறையைத் தீர்த்துக்கொண்டார்கள். லொரென்சோ சார்ல்ஸ் அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஆட்டத்தில் நிலைக்கவில்லை. ராலியிலேயே பேருந்து ஓட்டுநராக இருந்தார். 2011 ஜூன் மாதத்தில் பயணிகள் இல்லாத பேருந்தை ஓட்டிச் சென்றபோது விபத்தில் மாண்டார்.

விதிகளும் மாறின. ஸ்டேட் ஜயித்த இரண்டு ஆண்டுக்குப் பிறகு, 1985இல், தன் பிரிவில் எட்டாம் ஸ்தானத்தில் வைக்கப்பட்ட வில்லனோவா, அசகாய சூரர்களான ஜார்ஜ்டவுனை இறுதி ஆட்டத்தில் 66–64 என்று வென்றது. அன்று வில்லனோவா எறிந்தது 28 தடவையே. 22 உள்ளே போயிற்று. கெடு இல்லாத காரணத்தால், நல்ல சந்தர்ப்பம் கிடைக்கும் வரை பொறுமையாகப் பந்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். அத்துடன் அந்தக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த பருவத்திலிருந்து தேசம் முழுவதற்கும் 45 விநாடிக் கெடு வந்தது. அதற்கும் அடுத்த பருவத்தில் மூன்று புள்ளிக் கோடு வந்தது. பந்தைப் பதுக்கி வைப்பதில் பலவீனனுக்கு இருந்த அநுகூலத்தை ஒரு விதி பறிக்க, தொலைவிலிருந்து எறிவதில் வேறோர் அநுகூலத்தை மற்றொரு விதி கொடுத்தது. சிறிய கலாசாலைகள் பெரியவற்றைக் கவிழ்ப்பது அதனால் குறைந்துவிடவில்லை. வல்வானோவின் ஃபவுல் யுக்தியோ இப்போது பாலபாடமாகிவிட்டது. சில புள்ளி பின்தங்கியிருக்கிற எந்தக் கோஷ்டியும் கடைசி இரண்டு நிமிஷத்தில் எதிரியைத் தொட்டுத் தொட்டு நடுவரை ஊத வைக்கிறது. கடிகாரத்தில் இரண்டு நிமிஷமாக இருப்பது பார்ப்பவருக்குக் கால்மணி நேரமாகிறது. இதைக் குறைக்க ஏதேனும் செய்ய வேண்டும் என்று ஆண்டுதோறும் யாராவது யோசனை சொல்கிறார்கள். அலுப்பாகத்தான் இருக்கிறது, ஆயினும் எழுந்து போகிறவர்களைக் காணோம்.